பச்சை குத்தினால் அதற்கு அர்த்தம் இருந்தே ஆகவேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் அண்ணன் விபத்தில் இறந்துவிட்டான். அவன் நினைவாக முன்கையில் டாட்டூ போட்டுக்கொள்ள ஆசை. இணையத்தில் தேடியபோது மாவோரி வடிவங்கள் ரொம்பப் பிடித்துப்போயின. சுருள் சுருளாக வரும் ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறேன். 'குடும்பம், தைரியம், புதுவாழ்வு' என்று அதற்குப் பொருள் போட்டிருந்தது. அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "துக்கத்தை உடம்புல எழுதி வெச்சுக்காதே" என்கிறார். தோழி ஒருத்தி, "எதுக்கு இவ்வளவு யோசிக்கிறே? அழகா இருந்தா போதும்" என்கிறாள். டாட்டூவுக்கு அர்த்தம் இருந்தே ஆகவேண்டுமா? வேறொரு இனத்தின் வடிவத்தை நான் போட்டுக்கொள்வது தப்பா? பத்து வருடம் கழித்து அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றாமல் போய்விட்டால் என்ன செய்வது? அண்ணன் கையெழுத்தில் எனக்கென்று இருப்பது, அவன் வாங்கித் தந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிய 'படிச்சுட்டு சொல்லு' என்ற வரி மட்டும்தான். அதைப் போடலாமா என்றும் நினைத்தேன்; அதில் என்ன பெரிய அர்த்தம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவன் நினைவு நாள். அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். உங்கள் ஆலோசனை என்ன?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்தவர்களுக்கு இரண்டு வருடம் என்பது ஒன்றுமே இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

பச்சை குத்துவதுதான் என் தொழில். அழகுக்காக வருகிறவர்களைவிட யாரையாவது நினைத்து வருகிறவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பிலும் இதுதான் தெரிந்தது. டாட்டூ உள்ளவர்களில் 69 சதவீதம் பேர், யாரையோ எதையோ நினைவில் வைக்கவும் போற்றவும் போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். தோற்றம் நன்றாக இருக்கவேண்டும் என்பதைக் காரணமாகச் சொன்னவர்கள் 32 சதவீதம்தான். உங்களுக்கு வந்த ஆசை பலருக்கும் வருவதுதான்.

முதல் கேள்விக்கு என் பதில்: அர்த்தம் இருந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பூ பிடித்திருக்கிறது, தோளில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் வந்தால், அதற்குப் பின்னால் என்ன கதை என்று நான் துருவுவதில்லை. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து கிடைத்த ஓட்ஸி என்ற மனிதரின் உடல் ஏறக்குறைய 5,300 ஆண்டுகள் பழையது. அதில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன. எல்லாமே சின்னச் சின்னக் கோடுகளும் சிலுவைக் குறிகளும்தான். பலவும் கீழ்முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கின்றன. அவர் மூட்டுகள் தேய்ந்து போயிருந்த இடங்களுக்கு அருகில் அவை இருப்பதால், வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நமக்குத் தெரிந்த மிகப் பழைய பச்சைக் குறிகளே சின்னமாக இல்லாமல் சிகிச்சையாக இருந்திருக்கக் கூடும். எனவே அழகே போதும் என்ற உங்கள் தோழியின் பேச்சு தவறில்லை.

ஆனால் அது உங்களுக்கான பதில் இல்லை. நீங்கள் ஆரம்பித்தது அண்ணனிடமிருந்து. நடுவில் இணையத்துப் பட்டியல் ஒன்று வந்து, இந்த உருவத்துக்கு இந்தப் பொருள் என்று ஒன்றை நீட்டியது. நீங்கள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, அண்ணனே எழுதிய வரியைக் கீழே வைத்துவிட்டீர்கள். நான் முக்கியமாகப் பேச நினைப்பது இதைப் பற்றித்தான்.

அந்தப் பட்டியல்கள் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். நீங்கள் சேமித்து வைத்திருக்கும் சுருள் அநேகமாக 'கொரு' என்ற வடிவமாக இருக்கும். பெரணிச் செடியின் இளந்தளிர் சுருள் அவிழ்வதைப் பார்த்து உருவானது. புது உயிர், வளர்ச்சி என்ற பொருள் அதற்கு உண்டு. ஆனால் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபுப் பச்சையான தா மோகோவில் அர்த்தம் அப்படி ஒரு சுருளுக்குள் அடைத்து வைக்கப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் அதை ஊசியால் குத்தவும் இல்லை. ஊஹி என்ற சிறிய உளியால் தோலைச் செதுக்கி அதில் மையை ஏற்றினார்கள். ஆறிய பிறகும் முகத்தில் கோடுகள் பள்ளம் பள்ளமாகத் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இவர் எந்த வம்சம், எந்தக் குலம், என்ன தகுதி என்பது விளங்கும். ஒருவருடைய மோகோ இன்னொருவருக்கு இருக்காது. 1840-இல் நியூசிலாந்தில் பிரிட்டிஷ் அரசோடு செய்த வைத்தாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மாவோரித் தலைவர்களில் சிலர், பெயரை எழுதுவதற்குப் பதிலாகத் தங்கள் மோகோவின் ஒரு பகுதியைத் தாளில் வரைந்தார்கள். அவர்களுக்கு அது கையெழுத்து.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். வேறொரு இனத்தின் வடிவத்தை ரசிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஒரு முகத்திலோ தோளிலோ இருக்கும் மோகோவைப் புகைப்படத்திலிருந்து அப்படியே எடுத்துக் கையில் போட்டுக்கொண்டால், முன்பின் தெரியாத ஒருவருடைய தாத்தா பாட்டி வரிசையைச் சுமப்பது போல ஆகிவிடும். உங்களிடம் அது 'குடும்பம்' என்று சொல்லும். ஆனால் அது வேறு யாருடைய குடும்பமோ. மாவோரிக் கலைஞர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வம்சத் தொடர்பு இல்லாதவர்களுக்காக, அதே கலைமரபில் ஆனால் யாருடைய வம்சத்தையும் சொல்லாமல் வரைவதைக் கிரிதுஹி என்கிறார்கள். அந்த வடிவத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் ஈர்ப்பு உண்மையானது என்றால், மாவோரிக் கலைஞர் ஒருவரிடம் உங்கள் கதையைச் சொல்லி அப்படி ஒன்றைக் கேட்கலாம். இணையத்தில் அகப்பட்டதை அச்செடுத்து வேறொருவரிடம் கொடுக்காதீர்கள். என்னிடம் கொடுத்தாலும் நான் குத்தமாட்டேன்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியர் வந்த பிறகு முகத்து மோகோ மெல்ல மெல்ல அருகியது. பெண்கள் தாடையில் இட்டுக்கொள்ளும் மோகோ கவாயெதான் அதைவிடக் கொஞ்சம் அதிகக் காலம் தாக்குப்பிடித்தது. அவர்கள் அதைத் திரும்பப் பெற்றதே போன நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 2020-இல் நனாயா மஹுதா அந்த மோகோவோடு நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சர் ஆனார். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் பெண்களுக்கும் இப்படித்தான். கரி தோய்த்த விலங்குத் தசைநார் நூலைத் தோலுக்கடியில் தைத்து இழுத்து முகத்திலும் கையிலும் கோடு இடுவார்கள். மதப் பிரச்சாரகர்களின் நெருக்கடியால் அது ஏறக்குறைய மறைந்தே போனது. இப்போது பேத்திகள் அதைத் தேடிக் கற்று மறுபடி போட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவு இழந்து மீட்ட ஒன்றை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

பச்சைக்கு ஆழமான பொருள் இருந்த எந்தச் சமூகத்தைப் பார்த்தாலும், உருவத்தைவிட உறவே முக்கியமாக இருந்திருக்கிறது. யார் குத்தினார், யார் முன்னால், எதற்காக என்பதுதான் பேச்சு. பசிபிக் தீவு நாடான சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பெஆ என்ற பச்சையை இட்டுக்கொள்கிறார்கள். பல் வைத்த சீப்பு போன்ற கருவியைத் தட்டித் தட்டிக் குத்துவார்கள். பல நாட்கள் பிடிக்கும். உறவுக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடிப்பதும் பாடுவதும் உண்டு. வலி தாங்காமல் பாதியில் எழுந்தால் அவருக்கும் குடும்பத்துக்கும் அது ஆயுசுக்கும் அவமானம். முடித்துவிட்டால் அதன் பிறகு அவர் ஊருக்குக் கடமைப்பட்டவர். அந்தக் கோடுகளை மட்டும் கழற்றி இன்னொருவர் காலில் வைத்தால் இதில் எது கூட வரும், சொல்லுங்கள்?

கடலோடிகளும் இப்படித்தான். பழைய வழக்கப்படி தூக்கணங்குருவி போன்ற பிளவு வால் பறவை ஒன்றை மார்பில் குத்தியிருந்தால் அவர் 5,000 கடல் மைல் போய்வந்தவர். ஆமை என்றால் பூமத்திய ரேகையைக் கடந்தவர். சோவியத் காலச் சிறைகளில் நிலைமை இன்னும் கடுமை. ஒருவர் உடம்பிலுள்ள குறிகளை வைத்தே அவர் யார், என்ன செய்தவர் என்று மற்றவர்கள் எடைபோட்டார்கள். தனக்குத் தகுதியில்லாத குறியை அணிந்தவரை மற்ற கைதிகளே தண்டித்தார்கள்.

ஒரே செயலுக்கு நேர் எதிரான பொருள்களும் இருந்திருக்கின்றன. கிரேக்கத்துக்கு வடக்கே வாழ்ந்த திரேசியர்கள் பச்சைக் குறியை உயர்குடிக்கு அடையாளமாக நினைத்தார்கள், அது இல்லாதவர் தாழ்ந்த பிறப்பு என்று கருதினார்கள் எனப் பழங்கால வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர் பிறந்த கிரேக்க உலகத்திலோ அடிமைக்கும் குற்றவாளிக்கும் இடும் முத்திரை அது. ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) குற்றவாளிகளின் கையிலோ நெற்றியிலோ குறி இட்டார்கள். அதே காலத்தில்தான் உடல் முழுக்க மலரும் மீனும் டிராகனுமாக அங்கே மிகப் பெரிய கலையும் வளர்ந்தது. 1872-இல் அரசு பச்சை குத்துவதைத் தடைசெய்தது. தடை 1948-இல்தான் நீங்கியது. பழைய பயம் இன்னும் போகவில்லை. 2013-இல் ஹொக்கைடோவில், தாடையில் மோகோ இருந்த மாவோரிப் பெண் ஒருவரைப் பொதுக் குளியலிடத்துக்குள் விடவில்லை. அவருடைய ஊரில் மரியாதைக்குரிய அடையாளம், அந்த வாசலில் குற்றக் கும்பல்களோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. நீங்கள் எதைப் போட்டாலும் அதைப் படிக்கப்போகிறவர்கள் தங்கள் கண்ணோடுதான் வருவார்கள். அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

அம்மா சொன்னதற்கு வருவதற்கு முன்னால் இன்னொன்று சொல்லவேண்டும். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் இடது முன்கையில் எண்களைக் குத்தினார்கள். மனிதரின் பெயரை அழித்து எண்ணாக்குவதற்காகச் செய்தது அது. உயிர் தப்பியவர்களின் பேரப் பிள்ளைகளில் சிலர், தாத்தா பாட்டியின் அதே எண்ணைத் தாங்களே விரும்பித் தங்கள் கையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண் ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். ஒன்று வெறுப்பு குத்தியது, மற்றது அன்பு கேட்டு வாங்கியது. ஆனால் அதைப் பார்த்த குடும்பத்தார் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் நெகிழ்ந்தார்கள், மறக்கப் பாடுபட்டதைப் பேரன் கையில் மறுபடி பார்ப்பது சிலருக்கு வலித்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

உங்கள் அம்மாவின் மறுப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பச்சை குத்துவது கெட்டது என்று அவர் சொல்லவில்லை. துக்கத்தை எழுதி வைக்காதே என்கிறார். நீங்கள் இழந்தது அண்ணனை, அவர் இழந்தது மகனை. உங்கள் கை தினமும் அவர் கண்ணில் படும். அதற்காக நீங்கள் ஆசையைக் கைவிடவேண்டும் என்று சொல்லவில்லை. 31 வயதில் உங்கள் உடம்பைப் பற்றிய முடிவு உங்களுடையது. ஆனால் அவருக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு வந்து நிற்காதீர்கள். சம்மதிக்க வைக்க வாதாடவும் வேண்டாம். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அவரிடம் காட்டியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. காட்டுங்கள். இணையத்துச் சுருளைப் பார்த்து ஒரு தாய்க்கு வருகிற பதில் வேறு, மகனுடைய எழுத்தைப் பார்த்து வருகிற பதில் வேறு. அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், மறைக்கக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, அந்த வரிக்கு வருவோம். 'படிச்சுட்டு சொல்லு' என்பதில் பெரிய அர்த்தம் இல்லை என்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பம், தைரியம், புதுவாழ்வு என்பவை உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவற்றில் உங்கள் அண்ணன் எங்கே இருக்கிறார்? இந்த வரியில் அவர் இருக்கிறார். ஒரு புத்தகம் பிடித்துப்போய், தங்கைக்கும் பிடிக்கும் என்று நினைத்து வாங்கி, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்த ஒருவர் இருக்கிறார். பேனா அழுந்திய இடம், அவசரத்தில் சுழி முழுசாக முடியாத இடம் எல்லாம் அவர் கை அசைந்த விதம். வைத்தாங்கியில் தாளில் மோகோவை வரைந்த அந்தத் தலைவர்களின் செய்கைக்கு நீங்கள் சேமித்த சுருளைவிட இந்த வரிதான் நெருக்கம். மத்திய இந்தியாவின் பைகா பழங்குடிப் பெண்கள், மற்ற நகையெல்லாம் இங்கேயே தங்கிவிடும், பச்சை மட்டுமே செத்த பிறகும் கூட வரும் என்று நம்பி உடல் நிறையக் குத்திக்கொள்கிறார்கள். கூடவே வரவேண்டியது எது என்று அந்தக் கண்ணோடு கேட்டுப் பாருங்கள்.

அதே சமயம் இந்த வரி லேசானதும் இல்லை. அது உங்களிடம் ஒன்றைக் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் எதிரில் இல்லை. சிலருக்கு அப்படி ஒரு வாக்கியத்தைத் தினமும் பார்ப்பது அண்ணன் பக்கத்தில் இருப்பது போன்ற ஆறுதலைத் தரும். சிலரை அது விடாமல் குத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயமும் இல்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, வரியை அதே அளவில் வெட்டி, தினமும் கண்ணில் படும் இடத்தில் சில வாரங்கள் ஒட்டி வையுங்கள். இன்னொரு வழி, டாட்டூ கலைஞரிடம் கேட்டால் ஊசி படாமல் ஸ்டென்சில் என்ற மை அச்சாக மட்டும் கையில் ஒட்டிவிடுவார். சில நாட்களில் போய்விடும். வேலை மும்முரத்திலும், சிரித்துக்கொண்டிருக்கும்போதும், எரிச்சலில் இருக்கும்போதும் அது கண்ணில் படட்டும். அப்போது மனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பத்து வருடம் கழித்து ஒன்றும் தோன்றாவிட்டால் என்ற பயத்துக்கு உடம்பே ஒரு பதில் வைத்திருக்கிறது. தோலின் மேலடுக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். ஊசி அதைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. வேண்டாத பொருள் வந்துவிட்டது என்று உடம்பு மேக்ரோபேஜ் என்ற செல்களை அனுப்பும். அவை மைத்துகளை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடும். அந்தச் செல்கள் நிரந்தரமாக இருப்பதால்தான் டாட்டூ நிலைக்கிறது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2018-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் வேறொன்றைக் கண்டார்கள். மையை வைத்திருக்கும் செல் செத்துப்போகிறது, மை வெளியே வருகிறது, புதிதாக வந்த செல் அதை வாங்கி விழுங்கிக்கொள்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் அது ஒரே இடத்தில் இருக்கிறது. அர்த்தமும் இப்படித்தான் என்பது நான் பார்த்த வரையில் என் எண்ணம். 31 வயதுக்காரி வைத்திருக்கும் அர்த்தத்தை 41 வயதுக்காரி அப்படியே வைத்திருக்கமாட்டாள். இன்று அந்த வரி அழவைக்கலாம். பிறகு ஒருநாள், நீங்கள் படித்த புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்கத் தோன்றவைக்கலாம். சில நாட்கள் அது கையில் இருப்பதே மறந்துபோகும். அதில் அண்ணனுக்குத் துரோகம் எதுவும் இல்லை.

பியூ கணக்கெடுப்பில் டாட்டூ உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் ஒன்றையாவது போட்டதற்காக வருந்தியதாகச் சொன்னார்கள். மறைக்கவோ மாற்றவோ கேட்டு என்னிடம் வருகிறவர்களில், இறந்தவரின் நினைவாகப் போட்டதை அழிக்கச் சொல்கிறவர்கள் அபூர்வம். அவசரத்தில் போட்டது, பட்டியலைப் பார்த்துப் போட்டது, உடைந்துபோன காதலில் எழுதிய பெயர், மங்கி வெறும் கறையாகிவிட்ட பொடி எழுத்து ஆகியவைதான் அதிகம். லேசர் இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். அது மையைப் பொடியாக்கும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றும். பல தடவை போகவேண்டும், குத்தும்போது வந்ததைவிட வலி அதிகம் என்று பலர் சொல்கிறார்கள், சுவடே இல்லாமல் போகும் என்ற உறுதியும் கிடையாது. கறுப்பு மை மற்ற நிறங்களைவிட எளிதில் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கையெழுத்தைக் கறுப்பில் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையெழுத்தையே போடுவதென்று முடிவானால், இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்களைச் சொல்கிறேன். எழுத்தை 'அழகுபடுத்த' யாரையும் விடாதீர்கள். கோணலை நிமிர்த்துவதும், தேய்ந்த கோட்டைச் சீராக்குவதும், இடைவெளியைச் சமமாக்குவதும் கலைஞரின் கைப்பழக்கம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்வார். செய்து முடித்ததும் அது உங்கள் அண்ணன் எழுத்தாக இருக்காது. முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அதுவும் இருக்கட்டும்.

அளவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். தோலுக்குள் மை வருடக் கணக்கில் மெல்லப் பரவும். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். புத்தகத்தில் எழுதிய அதே பொடி அளவில் போட்டால், பத்து வருடத்தில் 'சு', 'டு' போன்றவற்றின் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபட்டுவிடும். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது என் கணக்கு. மொத்த வரியையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் கையின் சாயல் கெடாது.

எந்தப் பக்கம் பார்த்திருக்கவேண்டும் என்பதும் நிறையப் பேர் யோசிக்காத ஒன்று. எதிரில் நிற்பவர் படிக்கும்படி போடுவதுதான் எங்கள் தொழிலில் பொது வழக்கம். கையைத் தொங்கவிட்டால் நேராகத் தெரியும். ஆனால் இது உலகத்துக்குச் சொல்லும் வாசகம் இல்லை. ஒருவர் உங்களுக்கு மட்டும் எழுதியது. நீங்கள் கையைத் தூக்கிப் பார்த்தால் உங்களுக்கு நேராக இருக்கும்படி போடச் சொல்வேன். வேறு கலைஞர் ஒத்துக்கொள்ளாமல் வாதாடலாம்; நீங்கள் உறுதியாக இருங்கள். இடம் முன்கையின் உட்புறம் என்றால் மணிக்கட்டு மடிப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும், மடிப்பில் மை சீக்கிரம் கலைந்துவிடும். இன்னொன்றையும் யோசியுங்கள். முன்கையில் இருந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூட "இது என்ன?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் இறந்த கதையைச் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்று தோன்றினால் மேற்கையின் உட்புறம் நல்ல இடம். காட்டுவதும் மறைப்பதும் உங்கள் விருப்பத்தில் இருக்கும்.

சுகாதாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி உங்கள் கண்ணெதிரே புதிய உறையிலிருந்து பிரிக்கப்படவேண்டும். மை ஊற்றும் சின்னக் கிண்ணமும் கையுறையும் புதிதாக இருக்கவேண்டும். மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்ஐவியும் சுத்தமில்லாத ஊசி வழியாகப் பரவக்கூடியவை. என்ன மை என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, எனவே இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ரத்த தானம் செய்பவராக இருந்தால், பச்சை குத்திய பிறகு சில மாதங்கள் காத்திருக்கவேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு.

கடைசியாக நினைவு நாள். அன்றைக்கு வேண்டாம். அந்த நாளுக்கு முந்தின இரவு சரியாகத் தூக்கம் இருக்காது, சாப்பாடும் இறங்காது. அப்படி வருகிறவர்களுக்குத்தான் நடுவில் மயக்கம் வருகிறது. அழுகையில் உடம்பு குலுங்கினால் கோடு அலையும். கையெழுத்தில் கோடு அலைந்தால் திருத்த வழியில்லை. அதோடு, அன்று உங்கள் அம்மாவுக்கு நீங்கள் பக்கத்தில் வேண்டும். அந்த நாளை அவரோடு இருக்க வைத்துக்கொள்ளுங்கள். நகலைப் பார்த்துப் பார்த்த பிறகும் வேண்டும் என்றே தோன்றினால், அதற்குச் சில வாரங்கள் தள்ளி ஏதாவது ஒரு சாதாரண நாளில், நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போகும்போது கைபேசியில் எடுத்த படத்தை நம்பாமல் புத்தகத்தையே எடுத்துப் போங்கள். கலைஞர் அசல் எழுத்தைப் பார்த்துத்தான் ஸ்டென்சில் எடுக்கவேண்டும். வேலை முடிந்ததும் புத்தகத்தை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.